அனுமதி வாங்காத துட்டி

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் அண்ணாச்சி. இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஓரத்தில் உட்கார்ந்தால் தீர்ப்புக்கு முன்னாலேயே கவிழ்ந்துவிடுவோம். அண்ணாச்சி என்கிறேனே என்று பார்க்காதீர்கள். வயதில் நீங்கள் சின்னவர்தான். கோர்ட்டு வராந்தாவில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான்.

உங்களுக்கு என்ன கேஸு? வரப்பா? கூடப் பிறந்தவரோடவா? சரிதான். கவலைப்படாதீர்கள், அந்த வரப்பு உங்கள் பேரன் காலத்திலும் அங்கேயேதான் கிடக்கும். ஓடிப்போகிற சாமான் இல்லை.

எனக்கா? சொன்னால் சிரிப்பீர்கள். அனுமதி வாங்காமல் சாவுப் பந்தல் போட்டு, ஆள் கூட்டி, துக்கம் கேட்க வைத்தேன் என்று கேஸு. அதாவது, துட்டி நடத்தினேன் என்று கேஸு! நம் பக்கத்தில் துட்டிக்கு யாராவது அனுமதி வாங்கி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? எமனே வாங்குவதில்லை.

கேஸு போட்டதுகூட எனக்குப் பெரிசில்லை. என்னை ஏ டூ என்று போட்டிருக்கிறான் அண்ணாச்சி. இரண்டாவது குற்றவாளி! யோசனை என்னுடையது, பந்தல் என்னுடையது, இடம் என்னுடையது, காப்பி என்னுடையது. ஆனால் ஏ ஒன் யார் தெரியுமா? அதோ, வேப்பமரத்தடியில் வக்கீல் அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறாளே, நீலச் சுடிதார், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒரு பெண். ஜெபக்கனி என்று பேர். காலேஜில் கடைசி வருஷம், சரித்திரம் படிக்கிறாள். பக்கத்தில் ஒட்டடைக் கம்பு மாதிரி நிற்கிறவன் அசனார், அவளோடு படிக்கிறவன். அவன் ஏ த்ரீ. அந்தப் பயல் என்னைப் பார்த்து, "விடுங்க தாத்தா, ஏ டூன்னா மாப்பிள்ளைத் தோழன் மாதிரில்லா" என்கிறான். எடுபட்ட பயல்.

பந்தல் சொரிமுத்து என்றால் குறிச்சிவிளையில் கைக்குழந்தைகூட வழி காட்டும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சாவு, எதுவானாலும் மேலே நம் துணி, கீழே நம் சேர். ஒரு ஆடி மாசம் செங்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட பந்தல், காற்றில் கிளம்பி, மலையைத் தாண்டி, ஆரியங்காவில் போய் இறங்கிவிட்டது. இறங்கின இடத்திலும் ஒரு கல்யாண வீடு! பந்தல்காரன் வராமல் மலையாளத்துக்காரர்கள் முழித்துக்கொண்டிருந்தார்களாம். தாலி கட்டி, இலை போட்டு, மறுநாள் பந்தலை ஒழுங்காக மடித்து, ஒரு தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு அனுப்பிவைத்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? தூக்குவாளி இன்னும் வீட்டில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மாசம், வெயில் ஏறத் தொடங்கின நேரம். என் குடோன் காலேஜ் வாசலுக்கு நேர் எதிரே. இந்த இரண்டும் இன்னும் சில பிள்ளைகளுமாக வந்து நின்றார்கள். முகமெல்லாம் செத்துப்போய் இருந்தது.

"தாத்தா, ஒரு சாமியானா வேணும். கூட்டம் போடணும்" என்றாள் ஜெபக்கனி.

"என்ன கூட்டம்? ஆண்டு விழாவா?"

"பாலஸ்தீன சனங்களுக்காக."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மெல்ல மெல்ல விசாரித்தால் கதை வெளியே வந்தது. பிரின்சிபாலிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு விவகாரம், உங்களுக்கு எதுக்கு, பரீட்சைக்குப் படிங்க என்று சொல்லிவிட்டார். கையால் எழுதி ஒரு தட்டி வைத்திருக்கிறார்கள். வைத்த சூட்டோடு கிழித்தாயிற்று. போலீசில் கேட்டால் அனுமதி கிடையாது. கல்யாண மண்டபத்தில் கேட்டால், "முகூர்த்த நாளுய்யா, ஆளை விடுங்க" என்றிருக்கிறார் மண்டபத்துக்காரர்.

நான் கேட்டேன்: "ஏட்டி, அந்த ஊர் எங்க கெடக்கு, நம்ம ஊர் எங்க கெடக்கு? அவங்க உனக்கு யாரு? மாமனா மச்சானா?"

"யாருமில்ல தாத்தா. மாமன் மச்சான் செத்தாத்தான் அழுவேன்னா, அது மொய்க்கு மொய் செய்யுற மாதிரில்லா ஆயிரும்."

வாய் பார்த்தீர்களா? இந்த வாய்க்குத்தான் ஏ ஒன் கொடுத்திருக்கிறான் போல.

அசனார் செல்போனை எடுத்து நீட்டினான். "வீடு வாசல் எல்லாம் போச்சு தாத்தா. சனங்க துணிக் கூடாரத்துலதான் கெடக்காங்க. அதுக்கு மேலயும் குண்டு போடுதான்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கம்பு, ஒரு துணி, இழுத்துக் கட்டக் கயிறு. கட்டினவன் பாவம் அவசரத்தில் கட்டியிருக்கிறான், முளை ஆழமாக இறங்கவில்லை. அடுத்த படத்தில் துணி மட்டும் பாதி எரிந்து கிடக்கிறது. ஒரு சின்னச் செருப்பு. போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி, நான் உலக விவகாரத்தில் தலையிடுகிற ஆள் இல்லை. ஓட்டுப் போடுவதே பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிடுகிறானே என்றுதான். ஆனால் பந்தல் என்றால் ஒரு மரியாதை உண்டா இல்லையா? வெட்டுக்குத்து உள்ள பகையாளியானாலும் பந்தலுக்கு வெளியே நின்றுதானே கத்துவான்? கீழே உட்கார்ந்திருக்கிறவன் மேல் எவனாவது கை வைப்பானா? எனக்கு வந்தது தொழில் கோபம். பாலஸ்தீனமும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை, அது வெயிலுக்கு.

பிள்ளைகளிடம் சொன்னேன்: "ஏ, கூட்டம்னா அனுமதி கேப்பான். ஊர்வலம்னா கேப்பான். கோயில் கொடைக்கு ரேடியோ கட்டவே கேக்கான். இந்தச் சில்லாவுல அனுமதி கேக்காத ஒரே காரியம் என்ன? துட்டி! என் குடோன் முன்னால, என் சொந்த இடத்துல, நான் துட்டிப் பந்தல் போடுதேன். எவன் வந்து கேக்கான்னு பாப்போம்."

அசனார் துள்ளிக் குதித்தான். ஜெபக்கனி குதிக்கவில்லை.

"பொய் சொல்லி ஆள் கூட்டக் கூடாது தாத்தா."

"இதுல என்ன பொய்? செத்தாங்களா இல்லியா?"

"செத்தாங்க."

"உனக்கு வருத்தம் உண்டா இல்லியா?"

"உண்டு."

"அப்ப துட்டிதானட்டி?"

அவள் யோசித்தாள். யோசித்துவிட்டு, "சரி. ஆனா ஃபிளெக்ஸ்ல உள்ளது உள்ளபடிதான் போடணும்" என்றாள்.

நான் அதற்குள், செத்தவராகப் போட, மனசில் அருமையான ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தேன். என் கொள்ளுத்தாத்தா குமாரசாமி. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், கடைசிவரை பல் விழாதவர். இப்பேர்ப்பட்ட மனுஷனை அந்தப் பெண் ஒரே வார்த்தையில் கொன்றுவிட்டாள். ஃபிளெக்ஸில் என்ன வந்தது தெரியுமா? மேலே கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே, காசாவில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு. கடைசியில், இப்படிக்கு உற்றார் உறவினர். நடுவில் படம் வைக்கிற முட்டை வட்டம் உண்டல்லவா, சுற்றிலும் பூ போட்டு? அதைக் காலியாக விடச் சொல்லிவிட்டாள். ஃபிளெக்ஸ் கடைக்காரன் போன் பண்ணி, "போட்டோ வரலையே" என்கிறான். "ஒரு புள்ளை படத்தை வெச்சா, மத்த புள்ளைங்களை எங்கண்ணே வைக்க?" என்று கேட்டாள். நான் மட்டும் அவனைத் தனியாகப் பிடித்து, கீழே ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட என் படத்தைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். எந்தத் துட்டிக்கும் ஒரு பொறுப்பான ஆள் முகம் வேண்டும்.

மறுநாள் காலையில் வெள்ளைத் துணி கட்டினோம். சேர் வரிசை போட்டோம். ஒரு குண்டானில் வரக்காப்பி. துட்டி வீட்டில் பால் காப்பி கொடுக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா? சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் வாசலில் நின்றேன். பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, மைக் கிடையாது. வாயே திறக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு பிள்ளைகள் சேர்ந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ரோட்டில் போகிறவன் பார்க்கிறான். பந்தல், ஃபிளெக்ஸ், இடுப்பில் துண்டோடு நான். எவனாவது எழுத்தை வாசிப்பானா? வண்டியை ஓரங்கட்டுகிறான், செருப்பைக் கழற்றுகிறான், வந்து, துக்கம் கேட்க இரண்டு கையையும் நீட்டுகிறான். நான் தொடுகிறேன். போய் உட்காருகிறான். உட்கார்ந்த பிறகுதான் வாசிக்கிறான். வாசித்துவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முக்கால்வாசிப் பேர் எழுந்திருக்கவில்லை அண்ணாச்சி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கொஞ்ச நேரத்தில் பீடிக்காரப் பெண்கள் வந்தார்கள். சுற்றின பீடியைக் கம்பெனிக் கடையில் போட்டுவிட்டு, காலித் தட்டோடு திரும்புகிறவர்கள். அதில் ஒருத்திதான் தங்கபுஷ்பம், ஜெபக்கனியின் அம்மா. மகளைப் பந்தலுக்குள் பார்த்ததும், "யாருக்கு என்ன?" என்று ஓடி வந்தாள். ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள். போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தங்கபுஷ்பமும்தான், மகளை முறைத்துக்கொண்டே. அதில் ஒருத்தி, யாரும் கேட்காமல், தலையைக் குனிந்துகொண்டு, "எந்த ஆத்தா பெத்த ரத்தினமோ" என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். நான் பின்பக்கம் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். கயிறு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்பி வாசலுக்கு வந்தால் ஜீப்பு நிற்கிறது.

காலேஜ்காரர்கள் சொல்லி, கலைப்பதற்குத்தான் வந்திருக்கிறார் இன்ஸ்பெக்டர். நல்ல வாட்டசாட்டமான ஆள். வேகமாகத்தான் இறங்கினார். ஆனால் அவரும் நம் பக்கத்து ஆள்தானே அண்ணாச்சி? சாத்தான்குளம் தாண்டி ஏதோ ஊர். பந்தலைப் பார்த்தார், ஒப்பாரி காதில் விழுந்தது, என் இடுப்புத் துண்டைப் பார்த்தார். நிஜத் துட்டி என்று நினைத்தார் போல, கை தானாகத் தொப்பியைக் கழற்றிவிட்டது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் என்னிடம் நீட்டினார்!

நான் என்ன செய்ய? நீட்டின கையைத் தொடாமல் இருக்கலாமா? தொட்டேன். போய் உட்கார்ந்தார். அசனார் ஒரு தம்ளர் வரக்காப்பி கொடுத்தான். வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, முறையாக இருந்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "வயசானவங்களா?" என்றார்.

"இல்ல சார். சின்னப் புள்ளைங்க."

"அடப்பாவமே. ஆக்சிடென்டா?"

"குண்டு போட்டுட்டான் சார்."

"குண்டா? எந்த ஊர்லய்யா?"

நான் பதில் சொல்லாமல் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பாதிக் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது. கூலிங் கிளாஸ் போட்டு நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஃபிளெக்ஸில்.

எழுந்தார் பாருங்கள் ஒரு எழு! "என்னய்யா இது? யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க?"

ஜெபக்கனி எழுந்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க யாரைக் கேட்டு உக்காந்தீங்க சார்?"

அவளே சொன்னாள்: "துக்கம்னு தோணுச்சு, உக்காந்தீங்க. நாங்களும் அதுக்குத்தான் உக்காந்திருக்கோம். நீங்க கலைஞ்சு போறதுன்னா போங்க. நாங்க போகமாட்டோம்."

மனுஷனுக்கு முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. "இதுக்கு யாரு தலைமை?" என்று கத்தினார். நான் "நான்" என்றேன். அதே நேரத்தில் அவளும் "நான்" என்றாள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "நீரு சும்மா இரும்வே. குடோனுக்குள்ள புலி புகுந்துட்டுன்னு புகார் கொடுத்த ஆளுதானே நீரு" என்கிறார். அண்ணாச்சி, அது இருட்டில் பார்த்தது. பெரிய பூனை. அதற்காக, நான் ஒரு குற்றம் செய்தேன் என்று நானே சொன்னால் நம்ப வேண்டாமா? அன்றைக்குத்தான் அண்ணாச்சி எனக்கு வயிறு எரிந்தது. சொன்னது அத்தனையும் சத்தியம், ஒரு போலீஸ்காரனும் எழுதிக்கொள்ளவில்லை.

கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் கத்தியால் அறுத்தார்கள். துணி பிள்ளைகள் தலைமேல் விழுந்தது. துணிக்கு அடியிலிருந்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருத்தராகத் தூக்கித்தான் வேனில் ஏற்றினார்கள். பீடிக்காரப் பெண்களை விரட்டினால், "நாங்க இன்னும் காப்பி குடிக்கலை" என்று உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கொண்டுபோய் எந்த மண்டபத்தில் அடைத்தார்கள் என்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு இடம் தரமாட்டேன் என்றானே, அதே மண்டபம். மறுநாள் கல்யாணத்துக்கு அங்கே சேர் போட்டிருந்தது நான்தான். என் சேரிலேயே என்னைக் கைதியாக உட்கார வைத்தான். கால் ஆடுகிற சேராகப் பார்த்து ஏட்டுக்குக் கொடுத்தேன்.

சாயந்திரம் எல்லாரையும் விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அசனார் சும்மா இருந்தானா? இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக் கை நீட்டுகிற படம், காப்பித் தம்ளரோடு தலை குனிந்திருக்கிற படம், இரண்டும் ஊரெல்லாம் செல்போனில் சுற்றியது. 'காசா குழந்தைகளுக்குக் காவல் துறை அஞ்சலி' என்று தலைப்பு வேறு. பாளையங்கோட்டையில் இருக்கிற அவர் மாமியார் போன் பண்ணி, ரொம்பப் பெருமையாக இருக்கு மாப்பிள்ளை என்றாளாம். அதற்கப்புறம் விடுவாரா? எங்கள் மூன்று பேர் மேலும் கேஸு.

காலேஜில் இன்னொரு வேலை செய்தார்கள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் பரீட்சை எழுத விடுவோம் என்று ஜெபக்கனியிடம் சொல்லிவிட்டார்கள். அசனாரைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். அவளுக்குத்தான் இது. ஏ ஒன் அல்லவா. நாளைக்குப் பரீட்சை ஆரம்பம் அண்ணாச்சி. "அழுததுக்கா மன்னிப்புக் கேப்பாங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் பி.எட். படித்து டீச்சர் வேலைக்குப் போக வேண்டியவள். அவள் அம்மா பீடி சுற்றிச் சுற்றி விரல் வளைந்து போனதே அதற்குத்தான்.

இன்றைக்கு என்ன என்றால், குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்னதாக ஒரு அபராதம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தண்டனை என்று பேரில் ஏறிவிடும். நாளைக்கு அரசாங்க வேலைக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கேஸு இழுத்துக்கொண்டு கிடக்கும், அதுவும் குறுக்கேதான் நிற்கும். முந்தாநாள் வக்கீல் சண்முகவடிவம்மா ஒரு வார்த்தை பேச்சுவாக்கில் சொன்னாள்: "நிஜமாவே உங்க வீட்டுத் துட்டின்னு இருந்திருந்தா, இது கேஸே இல்ல பெரியவரே."

கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கொள்ளுத்தாத்தா குமாரசாமி இருக்கிறாரே! எழுப்பிக் கொண்டுவந்து இன்னொரு தடவை சாகடித்தால் போயிற்று. பிள்ளைகள் பக்கத்து வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள். ஃபிளெக்ஸ் மாறி வந்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் சொல்வேன், என்னிடமா சரக்கு இல்லை? நேற்று தங்கபுஷ்பம் குடோனுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லாத பொய்யா? எம் புள்ளைக்காக ஒண்ணு சொல்லுங்க." சரி தாயி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் போன கையோடு மகள் வந்து நின்றாள். எப்படித்தான் தெரிந்ததோ.

"தாத்தா, நீங்க அப்படிச் சொல்லக் கூடாது."

"ஏட்டி, உன் நல்லதுக்குத்தான்."

"வேற யாரோ செத்ததா நீங்க சொன்னா, அந்தப் புள்ளைங்க சாகலைன்னு ஆயிரும் தாத்தா."

இப்போது சொல்லுங்கள் அண்ணாச்சி, நான் யார் பேச்சைக் கேட்க? அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு என்ன, நான் தொழில்காரன். அறுத்த கயிறு போக மிச்சத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். ஆனாலும்...

கூப்பிடுகிறான். டவாலி எங்கள் பேரைத்தான் கூப்பிடுகிறான். "சொரிமுத்து"வைச் "சோறுமுத்து" என்று கத்துகிறான் பாருங்கள், காலிப்பயல். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுகிறேன்.

*

தண்ணீர் இருந்தால் கொடுங்கள் அண்ணாச்சி. போதும், போதும்.

உள்ளே மாஜிஸ்திரேட்டு ஒரு அம்மா. சின்ன வயசு. அவள் முதலில் ஜெபக்கனியைக் கேட்டாள்: குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா? "துக்கத்துக்கு உக்காந்தது உண்மை மேடம். அது குற்றம்னு ஒத்துக்கமாட்டேன்" என்றாள். மாஜிஸ்திரேட்டு அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "படிக்கிற பிள்ளை. வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லு, கண்டிச்சு அனுப்பிடுறேன்" என்றாள். நல்ல மனசுதான். இவள், "வருத்தம் இருக்கு மேடம். அதுக்குத்தான் உக்காந்தோம்" என்று நிற்கிறாள். வக்கீல் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்து நான். "பெரியவரே, உங்க இடத்துலதான் நடந்திருக்கு. செத்தது யாரு? உங்களுக்கு என்ன உறவு?"

இதைவிட ஒரு மனுஷனுக்கு வாகாக யார் கேட்பார்கள்? பழத்தை உரித்து வாயில் வைத்த மாதிரி! குமாரசாமி நாக்கு நுனியில் வந்து நிற்கிறார், பர்மாவிலிருந்து நடந்து. கதவோரம் தங்கபுஷ்பம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாயைத் திறந்தேன்.

வரவில்லை அண்ணாச்சி.

என் ஜென்மத்தில் அப்படி ஆனதில்லை. அந்தக் காற்றாடி தலைக்கு மேலே கடகடவென்று ஓடுகிறது, அதனாலாக இருக்கும். "சின்னப் புள்ளைங்கம்மா" என்று வந்துவிட்டது. "எங்கயோ உள்ள புள்ளைங்க. ஒண்ணு பேரும் எனக்குத் தெரியாது. துக்கம் கேக்கக்கூட ஆளில்லாமப் போயிட்டாங்க. நாங்க கேட்டோம்."

கோர்ட்டு குமாஸ்தா சிரிக்கப் பார்த்தான். மாஜிஸ்திரேட்டு அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டான்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"இல்லம்மா. கேட்டிருந்தா அனுமதி தந்திருக்க மாட்டாங்க. தரலைன்னாலும் போட்டிருப்பேன்."

அசனாரும் இல்லை என்றுவிட்டான். விசாரணைக்கு வாய்தா போட்டுவிட்டாள். இனி இன்ஸ்பெக்டர் கூண்டேறி, பந்தலில் தான் எதற்கு உட்கார்ந்தோம் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். அவர் வெளியே என்னைப் பார்த்து, "ஏன்வே, ஒத்துக்கிட்டுப் போயிருக்கலாம்லா" என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போகிறார்.

அது கிடக்கட்டும். இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து என்னை மறைத்துக்கொள்ளுங்கள். தங்கபுஷ்பம் வருகிறாள். வேகமாக வருகிறாள். பார்த்துவிட்டாளா? பார்த்துவிட்டாள். வா தாயி, உட்காரு. உட்காரமாட்டியா? சரி, திட்டு.

கேட்டீர்களா அண்ணாச்சி, என்ன சொல்லிவிட்டுப் போகிறாள்? "ஆயுசு பூரா பொய் சொன்ன மனுசனுக்கு, நான் கேட்ட ஒரு பொய்யைச் சொல்ல வாய் வரலையா?" இதற்கு என்ன பதில் இருக்கிறது? உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அசனார் என்ன கையை ஆட்டுகிறான்? என்னல, கத்திச் சொல்லு! ... வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்களாம். காலேஜ் வாசலில் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்களாம். இவளைப் பரீட்சை எழுத விட்டால்தான் நாளைக்கு நாங்களும் எழுதுவோம் என்கிறார்களாம். அடி சக்கை!

ஜெபக்கனி பஸ் நிறுத்தத்துக்கு ஓடுகிறாள் பாருங்கள். தங்கபுஷ்பம் கத்துகிறாள்: "எங்கட்டி போற?"

"காலேஜ் வாசலுக்கும்மா."

"காலைலேருந்து ஒண்ணும் திங்கலை. சாப்பிட்டுட்டுப் போட்டி."

"அங்க வந்து சாப்பிடுதேம்மா."

அங்கே எவன் சோறு வைத்திருக்கிறான்? பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிவிட்டாள். அசனாரும் தொற்றிக்கொண்டான். தங்கபுஷ்பம் நிற்கிறாள். நிற்கிறாள். வீட்டுக்குப் போகிற பஸ் அந்தப் பக்கம், அவளுக்குத் தெரியும். சேலையை வரிந்து செருகுகிறாள். மகளுக்குச் சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டாள்.

ஏறிவிட்டாள் அண்ணாச்சி. அவளும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

என் பையைக் கொடுங்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. என் குடோன் அங்கே இருக்கிறது, நான் குடோனுக்குப் போகிறேன். உச்சி வெயில் நேரம், தார் ரோட்டில் உட்கார்ந்திருக்கும் சனியன்கள், தலைக்கு மேல் ஒரு துணி வேண்டாமா? வாடகையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பஸ் கிளம்புகிறான்! அண்ணாச்சி, எழுந்திருங்கள். எனக்கு ஓட முடியாது. நான் கத்தினால் டிரைவர் நிறுத்தமாட்டான், அவனுக்கு என்னைத் தெரியும். நீங்கள் கத்துங்கள். கையைத் தூக்கி, ஆமாம். இன்னும் சத்தமாக!